உச்சுக் கொட்டினால் ஓடும் குதிரை

சனிக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, சிட்னியின் மேற்குப் பக்கத்திலிருக்கும் கிரவீனிலிருந்து கிளம்பினோம். 2003ஆம் வருடம், மே மாதம். மதுரையில் அக்கினி நட்சத்திரம் ஆளை வறுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இங்கே வாயைத் திறந்தால் புகை வருகிறது. குதிரை ஏற வேண்டுமென்பதால் வதனி தன்னுடைய ட்ராக் பேண்ட் ஒன்றைக் கொடுத்திருந்தாள். நாற்பத்தொன்பது வயதில் முதன்முதலாக அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சரைப் பற்றி இத்தனை வருடம் பேசியதற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நான் பூகோள ஆசிரியை. ஆஸ்திரேலியாவின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். செம்மறி ஆடு, கோதுமை, நிலக்கரி என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். திராட்சைத் தோட்டத்தைப் பற்றி ஒரு வரி சொல்லித் தந்ததில்லை. கோடை விடுமுறைக்குத் தம்பி முரளியின் வீட்டுக்கு வந்த இடத்தில், "மச்சாள், ஹண்டர் பள்ளத்தாக்குக்குப் போவம். காலமை குதிரை, பின்னேரம் வைன்" என்று வதனி சொன்னபோது சுற்றுலா என்றுதான் நினைத்தேன். முந்தின நாள்தான் சங்கதி தெரிந்தது.

வதனி என் தம்பி மனைவி. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்தவள். சிட்னிக்கு வந்து ஆறு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருக்கிறாள். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சோறு ஊட்டுவது. இங்கே டாக்டராக வேலை பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் வைக்கும் பரீட்சைகளை மறுபடி எழுத வேண்டும். பெண் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுப் படித்து, போன வருடம் அத்தனையையும் முடித்துவிட்டாள். ஆனால் வெளிநாட்டில் படித்தவர்களுக்கு முதலில் நாட்டுப்புறத்தில்தான் இடம் கிடைக்கும். கிடைத்தும் விட்டது. ஹண்டர் பள்ளத்தாக்கில் இருக்கும் சிங்கிள்டன் என்ற ஊரில் ஒரு கிளினிக். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

முரளிக்கு அங்கே போக இஷ்டமில்லை. "பட்டிக்காடுக்கா அது. நீ சொன்னா அவ கேப்பா" என்று அவன் தோட்டத்தில் வந்து என்னிடம் ஓதினான். அரை மணி நேரம் கழித்து, "நீங்கள் சொன்னால் அவர் கேப்பார், மச்சாள்" என்று சமையலறையில் இவள். கல்யாணத்துக்குப் போனால் இரண்டு வீட்டார் பக்கமும் சாப்பிட்டு வைப்பவள் நான். இரண்டு பேரிடமும் தலையை ஆட்டி வைத்தேன். குழந்தையை முந்தின ராத்திரியே பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். காரில் பின்சீட்டில் உட்கார்ந்தபோது இன்றைக்கு இந்த விஷயத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் செய்துகொண்டேன். அது எனக்கு எவ்வளவு சிரமம் என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

வாரூங்காவில் நெடுஞ்சாலை ஆரம்பிக்கிறது. பாறையை வெட்டிப் போட்ட சாலை. இரண்டு பக்கமும் தேன் நிறத்தில் கல் சுவர்போல் எழும்பி நிற்கிறது. அரை மணி நேரத்தில் ஹாக்ஸ்பரி ஆறு. பாலத்தின் மேல் போகும்போது ஆற்றின் மேல் பனி படுத்திருந்தது, நடுவில் படகுகளின் கம்பங்கள் மட்டும் தெரிந்தன. நான் "அடேயப்பா" என்றேன். முரளி கொஞ்சம் வேகத்தைக் குறைத்தான். எத்தனை முறை போனாலும் அந்தப் பாலத்தில் அவன் வேகத்தைக் குறைப்பானாம், வதனி சொன்னாள். பிறகு நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, யூகலிப்டஸ் காடுகளுக்கு நடுவே செஸ்நாக் போய், எட்டே முக்காலுக்குப் போக்கல்பின் சேர்ந்தோம். மொத்தம் நூற்றைம்பது கிலோமீட்டர். ஒரு ஹாரன் சத்தம் கேட்கவில்லை.

போக்கல்பின்னில் தெரு, கடைவீதி என்று ஒன்றும் கிடையாது. கண்ணுக்கெட்டிய வரை திராட்சை வரிசைகள், அவற்றுக்குப் பின்னால் நீல நிறத்தில் ஒரு மலைத்தொடர். எங்கள் கம்பம் பக்கம் திராட்சையைப் பந்தல் போட்டு வளர்ப்பார்கள், நாம் அடியில் குனிந்து போக வேண்டும். இங்கே வேலி மாதிரி கம்பி கட்டி நிற்க வைத்து வளர்க்கிறார்கள். அறுவடை மார்ச்சோடு முடிந்துவிட்டதாம். மிச்சமிருந்த இலைகள் மஞ்சளும் துருச் சிவப்புமாக இருந்தன. வெயில் பட்டபோது அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க யாரோ மஞ்சள் பூசிவிட்டதுபோல் இருந்தது. பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குக் கோபமே வந்தது.

குதிரைப் பண்ணையில் எங்களுக்கு வழிகாட்டி ஜூடி என்ற பெண்மணி. அறுபது வயதிருக்கும், ஆனால் வேலியைச் சுற்றிப் போகாமல் தாண்டிப் போனாள். ஒன்றரை மணி நேரச் சவாரிக்கு ஆளுக்கு ஐம்பத்தைந்து டாலர். அப்போது ஒரு டாலர் ஏறக்குறைய முப்பது ரூபாய். பெருக்கிப் பார்க்காதே என்று வதனி முதல் நாளே என்னை எச்சரித்திருந்தாள். தலைக்கவசம் என் கொண்டை மேல் உட்காரவில்லை. கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டேன். குளிருக்குத் தலையில் கட்டியிருந்த சுங்குடித் துண்டு கழுத்துக்கு இறங்கியது.

எங்களைப் பழக்கப்படுத்திக்கொள்வதற்காக ஜூடி ஒவ்வொருவரிடமும் என்ன வேலை என்று கேட்டாள். முரளி கம்ப்யூட்டர் என்றான். நான் டீச்சர் என்றேன். வதனி வாயெடுப்பதற்குள் முரளி முந்திக்கொண்டு, "முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். பொய்யில்லை. ஆனால் வதனி குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டத் தொடங்கினாள், அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

என் குதிரையின் பெயர் டஸ்டி. சாம்பல் நிறம், வயசானது, என்னை மாதிரியே இடுப்பு அகலம். ஏறுவதற்கு முன் அதன் கழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். உயிருள்ள ஒன்றின் மேல் காலைத் தூக்கிப் போடுகிறோமே! ஜூடி என்னவென்று கேட்டாள். மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். "அவனும் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டி வரலாம்" என்று சொல்லிச் சிரித்தாள். "மச்சாள், காலை முழுக்க உள்ளுக்கு விடாதேங்கோ, பாதி மட்டும்" என்று, ஜூடி தனக்குக் காட்டிக் கொடுத்தபடியே, வதனி என் பாதத்தைச் சேணத்து வளையத்தில் பொருத்திவிட்டாள். கடிவாளத்தைப் பின்னால் இழுத்தால் நிற்கும், குதிகாலால் லேசாகத் தட்டினால் நடக்கும் என்று ஜூடி பாடம் நடத்தினாள். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னாள். நான் அந்த நேரம் தரைக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூடி முன்னால், அவளுக்குப் பின்னால் வதனி, பிறகு முரளி, கடைசியில் நான். ஐந்து நிமிடத்தில் பயம் போய்விட்டது. இதை எப்படிச் சொல்ல! குதிரை நடக்கும்போது நம் இடுப்பும் அதோடு நடக்கிறது. திராட்சை வரிசைகளின் தலைக்கு மேலே நம் தலை போகிறது. ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறியபோது, புல் தின்றுகொண்டிருந்த இருபது முப்பது கங்காருக்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்து எங்களைப் பார்த்தன. தலைமையாசிரியர் வந்ததும் வகுப்பு நிமிர்வதுபோல. நான் சந்தோஷத்தில் சத்தம் போடாமல் அழுதேன் என்றால் நம்புவீர்களா? அழுதேன்.

இந்த அழகையெல்லாம் பார்க்காமல் என் தம்பி சேணத்தில் அரைவாசி திரும்பி உட்கார்ந்துகொண்டு என்னிடம் புலம்ப ஆரம்பித்தான்.

"வீடு வாங்கி மூணு வருஷம் ஆகலக்கா. கோயில் பத்து நிமிஷத்துல இருக்கு. பாப்பாவுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் பக்கத்துலயே இருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டு வான்னா?"

நான்தான் வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேனே. அதனால் பேசாமல், நம் ஊரில் யார் கஷ்டத்தைச் சொன்னாலும் செய்வதுபோல் 'த்ச்சு' என்று உச்சுக் கொட்டினேன். டஸ்டி சட்டென்று நாலு எட்டு ஓடியது. முரளியின் குதிரையும் கூடவே ஓடியது. இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு கடிவாளத்தை இழுத்தோம். ஈ கடித்திருக்கும் என்று நினைத்தேன்.

"ஒரு முருங்கைக்காய் கிடைக்காதுக்கா அந்த ஊர்ல. கறிவேப்பிலை கிடையாது. நல்லது பொல்லதுக்கு நம்ம ஆளுன்னு ஒரு முகம் கிடையாது. நம்ம கலாசாரம் என்னாகறது?"

பாவமாக இருந்தது. என்ன இருந்தாலும் தம்பி. மனசாரக் கொட்டினேன், ஒன்றுக்கு மூன்றாக. 'த்ச்சு, த்ச்சு, த்ச்சு!'

அவ்வளவுதான். டஸ்டி கிளம்பியது, முரளியின் குதிரை அதைவிட வேகமாகக் கிளம்பியது. திரும்பி உட்கார்ந்திருந்தவன் ஒரு கையால்தான் பிடித்திருந்தான். சேணத்திலிருந்து பக்கவாட்டில் சரிந்து, புல் மேட்டில் கையை ஊன்றி விழுந்தான். டஸ்டி என்னைச் சுமந்துகொண்டு அவனைச் சுற்றிப் போய், ஜூடியின் குதிரைக்குப் பின்னால் ஒன்றும் நடக்காததுபோல் நின்றது.

ஜூடி இறங்குவதற்கு முன் வதனி இறங்கிவிட்டாள். அன்றைக்கு முன் குதிரையைத் தொட்டிராதவள் எப்படிக் குதித்தாள் என்று தெரியாது. "அசையாதேங்கோ" என்றாள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். காலை ஆட்டச் சொன்னாள். மணிக்கட்டைத் தன் மடியில் வைத்து, கட்டைவிரல் அடியில் அழுத்தி, "இஞ்ச நோகுதோ? இஞ்ச? விரலை இறுக்கிப் பிடியுங்கோ பாப்பம்" என்று ஒவ்வொரு எலும்பாகக் கேட்டாள். முரளி, சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் குறைந்தாலும் ஊரைக் கூட்டுகிறவன், ஸ்கூல் பையன் மாதிரி பதில் சொன்னான்.

"முறிவு இல்லை. சுளுக்கு. வீங்கினால் எக்ஸ்ரே எடுப்பம். மச்சாள், அந்தத் துண்டைத் தாங்கோ." என் சுங்குடித் துண்டை மடித்து, கைக்கும் மணிக்கட்டுக்கும் எட்டு எண் மாதிரி சுற்றி இறுக்கமாகக் கட்டினாள். அந்தக் கட்டு மாலை வரை ஒரு நூல் நகரவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த ஜூடி, "நீ நர்ஸா?" என்று கேட்டாள். தன் டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டாரென்றும், இப்போது யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டுமென்றும் சொன்னாள். வதனி தன் கணவனைப் பார்த்தாள். முரளி வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். எனக்கு வந்த கோபத்தில் அவனுடைய இன்னொரு கையையும் முறுக்கலாம்போல் இருந்தது.

"அது இருக்கட்டும், நாக்கால் சத்தம் போட்டது யார்?" என்று ஜூடி அடுத்துக் கேட்டாள். நான்தான் என்றேன். "அது 'வேகமாகப் போ' என்பதற்கான சத்தம். முதலிலேயே சொன்னேனே!" என்றாள். எங்கள் ஊரில் அது ஐயோ பாவம் என்பதற்கான சத்தம் என்று விளக்கினேன். அந்த அம்மாள் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் முரளி புலம்பவில்லை. கட்டின கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பன்னிரண்டரை மணிக்கு ஒரு மரத்தடியில் கட்டுச்சாதம். தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும். ருசி பார்க்கும் கூடத்துக்குப் போகுமுன் ஊறுகாய் தின்னலாமா என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இங்கே ஒயின் தயாரிக்கும் தோட்டங்களே தங்கள் வாசலில் ஒரு கூடம் வைத்து, வருகிறவர்களுக்கு இலவசமாக ஊற்றிக் கொடுக்கின்றன. பிடித்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் சிரித்துக்கொண்டு போகலாம். நாங்கள் போன இடம் பழைய மரக்கொட்டகை. உள்ளே ஓக் பீப்பாய்களின் வாசனை, ஈர மரமும் வெல்லப்பாகும் கலந்த மாதிரி. கன்னம் சிவந்த ஒரு மனிதர் நீண்ட மேசைக்குப் பின்னால் நின்று முதலில் வெள்ளை ஒயின் ஊற்றினார். செமியோன். இந்தப் பள்ளத்தாக்கின் பெருமையாம். இளமையில் எலுமிச்சை மணம், பத்து வருடம் வைத்தால் தேன் மணம் என்றார். ஊறுகாய் தின்ற நாக்குக்கு இரண்டுமே தண்ணீர். அவர் ஊகித்துவிட்டார். உப்பில்லாத பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்து நாக்கைக் கழுவ வைத்து, மறுபடி ஆரம்பித்தார்.

இந்த இடத்தில்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். போனில் வாரம் தவறாமல், "நான் தொட்டதே இல்லக்கா" என்று சொல்லிவந்த என் தம்பி, நல்ல கையால் கோப்பையைக் காம்பில் பிடித்தான். சுழற்றினான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். மூக்கை உள்ளே விட்டான். பத்து வருட அனுபவஸ்தன் மாதிரி கண்ணை மூடினான். திறந்தபோது நான் எதிரில் நின்றிருந்தேன்.

"கலாசாரம் எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன்.

வதனி தன் வாயில் இருந்ததை வாளியில் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் சிரித்தாள். அந்த வாளி அதற்காகவே வைத்தது. ருசி பார்த்துவிட்டுத் துப்புவது இங்கே மரியாதைக் குறைவில்லை. கார் ஓட்ட வேண்டியவள் அவள்தான், அதனால் ஒவ்வொன்றையும் சுத்தமாகத் துப்பினாள். ஒருவர் அன்பாகக் கொடுத்ததை அவர் கண்ணெதிரே துப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஒன்றே ஒன்று, கடைசியாகக் கொடுத்த இனிப்பு ஒயின், ஒரு வாய் விழுங்கினேன். உலர்ந்த திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் தேனும் சேர்ந்தாற்போல் நெஞ்சு வரை இளஞ்சூடாக இறங்கியது. பிடித்திருந்தது. மதுரையில் இதைப் படிக்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள்.

அந்த மனிதருக்கு முரளியின் சுங்குடிக் கட்டின் மேல் கண். சிவப்பில் வெள்ளைப் புள்ளி. யார் இவ்வளவு நேர்த்தியாகக் கட்டியது என்று கேட்டார். "என் மனைவி" என்றான் முரளி. இன்னும் ஏதோ சொல்ல வந்தான், சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை அவளைப் பார்த்துக்கொண்டே நிறுத்தினான்.

மூன்று மணிக்கு வாசல் சாலைக்கு வந்தோம். இடதுபக்கம் சிட்னி, வலதுபக்கம் நாற்பது கிலோமீட்டரில் சிங்கிள்டன். வதனி இடதுபக்க விளக்கைப் போட்டாள். இவ்வளவு தூரம் வந்து, அந்த ஊரைப் பார்க்கலாமா என்று கேட்கக்கூட அவள் துணியவில்லை. என் சத்தியம் உடையப் பார்த்தது.

"வலது பக்கம் போ" என்றான் முரளி. "பாத்துட்டுப் போவோம். பாக்கறதுல என்ன?"

மூன்றே முக்காலுக்குச் சிங்கிள்டன். சனிக்கிழமை மதியத்தோடு ஊர் மூடிவிட்டது. அகலமான தெரு, பழைய கல் கட்டடங்கள், இரும்பு வேலைப்பாடு செய்த மாடிகள், ஓர் ஆள் இல்லை. ஆற்றங்கரைப் பூங்காவில் யானை உயரத்துக்கும் மேல் ஒரு சூரியக் கடிகாரம் நிற்கிறது. அதன் நிழலையும் என் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, பூகோள ஆசிரியையாக நான் திருப்தியடைந்தேன். கிளினிக் ஒரு பக்கத் தெருவில், ரோஜாச் செடிகள் வைத்த செங்கல் வீடு. கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: புதிய நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ள இப்போது இயலாது. வதனி அதைப் படித்துவிட்டு கண்ணாடியில் கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். வரிசையாகக் காலி நாற்காலிகள். "கதிரையெல்லாம் புதுசு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முரளி அவள் பின்னால் நின்று அவளையே பார்த்தான்.

தேநீர் கிடைக்குமா என்று தேடியபோது ஒரு பேக்கரி மட்டும் திறந்திருந்தது. அதையும் மூடிக்கொண்டிருந்தார்கள். கடைக்கார அம்மாள் மிச்சமிருந்த, ஆப்பிளை உள்ளே வைத்துச் சுட்ட 'பை' மூன்றை எடுத்து வைத்தாள், ஒன்று இரண்டு டாலர் இருபது. முரளியின் கட்டைப் பார்த்துவிட்டு, "ஐயோ, டாக்டரைப் பார்க்க வேண்டுமா? இங்கே சிரமமாச்சே, கண்ணு" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னாள்.

"டாக்டர் பார்த்துவிட்டார்" என்றான் முரளி. ஆங்கிலத்தில்தான் சொன்னான், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைத்தான். "இவர்தான் டாக்டர். என் மனைவி. உங்கள் ஊர் கிளினிக்குக்குத்தான் வேலைக்கு வரப்போகிறார்."

கடைக்கார அம்மாள் மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வெளியே வந்தாள். வதனியின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, "வாருங்கள், டாக்டர்" என்றாள். ஆறு வருடத்தில் இந்த நாட்டில் அவளை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள். வதனி திரும்பி, காலியாகிவிட்ட ரொட்டித் தட்டுகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முரளி பக்கத்தில் போய் நின்றான். அவ்வளவுதான் செய்தான், அதுவே போதும்.

சிட்னிக்கு இருநூறு கிலோமீட்டர். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. எனக்கு இன்னும் பத்து நாளில் விமானம். அடுத்த வருடம் கரும்பலகையில் படம் வரையும்போது, செம்மறி ஆட்டுக்கும் நிலக்கரிக்கும் நடுவில் ஒரு சின்னப் புள்ளி வைத்துச் சிங்கிள்டன் என்று எழுதுவேன். எந்தப் பிள்ளையாவது இது பரீட்சைக்கு வராது என்று சொன்னால் சொல்லட்டும், பரவாயில்லை. யாருக்கும் புத்தி சொல்லாமல் ஒரு நாளைக் கழித்து ஒரு நல்ல காரியம் நடந்ததைப் பார்த்தது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

ஹாக்ஸ்பரி பாலம் வந்தது. வதனியும் வேகத்தைக் குறைத்தாள். கீழே இருட்டில் ஒன்றிரண்டு படகு விளக்குகள். முரளி பாலத்தின் நடுவில் கேட்டான்:

"முருங்கைக்காயைப் பேப்பர்ல சுத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சா ஒரு வாரம் தாங்கும், இல்ல?"

"ஓம்" என்றாள் வதனி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பத்து நாளும் தாங்கும்."